தகடு இல்லாத குறுந்தகடு

ஒரு பழைய மடிக்கணிப்பொறியை எண்ணிப் பாருங்கள். அதன் குறுந்தகடுப் பெட்டி எப்போதோ பழுதாகிவிட்டது. பென் டிரைவைச் செருகினால் அதிலுள்ள கோப்புகளைப் படிக்கிறது. ஆனால் பென் டிரைவிலிருந்து துவங்கு என்றால் மறுக்கிறது. பழைய இயந்திரங்களில் சில இப்படித்தான். ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு மட்டும் நல்ல நிலையில் உள்ளது. பல ஆண்டுகளுக்கு முன் போட்ட லினக்ஸ் ஒன்று அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நீக்கிவிட்டுப் புதிய லினக்ஸை நிறுவ வேண்டும். எவ்வாறு செய்வது?

புதிய லினக்ஸின் படிமத்தை அதே வன்தட்டில் ஒரு கோப்பாக வைத்து, அங்கிருந்தே நிறுவிவிடலாம். வெளியிலிருந்து எந்தத் தகடும் வேண்டியதில்லை. கேட்கும்போது இது விந்தையாகத் தோன்றும். நாம் நின்றுகொண்டிருக்கும் தரையைப் பெயர்த்துப் புதுத் தரை போடுவதைப் போன்ற வேலை அல்லவா இது? ஆம், அப்படிப்பட்ட வேலையேதான். தரை போடும் கொத்தனார் எங்கே நிற்பது என்று முதலில் தீர்மானித்துக்கொள்வார். நாமும் அதைத்தான் தீர்மானிக்க வேண்டும்.

படிமம் என்பது என்ன?

லினக்ஸ் என்ற பெயர், கண்டிப்பாகச் சொன்னால், கெர்னல் எனப்படும் மையப் பகுதிக்கே உரியது. 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கினார். அந்தக் கெர்னலுடன் ஆயிரக்கணக்கான நிரல்களைச் சேர்த்து, வீட்டில் போட்டு இயக்கும் வகையில் தொகுத்துத் தரும் குழுக்கள் பல உண்டு. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் அவற்றுள் ஒன்று. இக்கட்டுரையில் டெபியனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இக்குழுக்கள் வெளியிடுவது, பெயரின் இறுதியில் 'ஐ.எஸ்.ஓ.' என்ற மூன்று எழுத்துகளைக் கொண்ட ஒரே பெரிய கோப்பு. இதைப் பல கோப்புகளைக் கட்டிவைத்த மூட்டை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது ஒரு குறுந்தகட்டின் முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட் வரை அப்படியே எடுத்த அச்சு. நூலொன்றைப் படியெடுக்கும்போது கதையை மட்டும் எழுதாமல் அட்டை, பக்க எண், வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் அதே இடத்தில் அதே அளவில் எடுப்பதைப் போன்றது. அதனால்தான் இதைப் படிமம் என்கிறோம்.

குறுந்தகட்டில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்பதற்கு 1988-இல் ஓர் உலகப் பொதுவிதி வந்தது. அதன் எண் ஐ.எஸ்.ஓ. 9660. கோப்பின் பெயரில் நாம் காணும் மூன்று எழுத்துகள் அங்கிருந்து வந்தவையே. இவ்விதிப்படி தகடு 2048 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதல் 16 கட்டங்களில் இவ்விதி எதையும் எழுதுவதில்லை. துவக்க நிரல் போன்றவற்றுக்காக அவை விடப்பட்டுள்ளன. அதற்கு அடுத்த கட்டத்தில் தகட்டைப் பற்றிய விவரம் தொடங்குகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 16-ஐ 2048-ஆல் பெருக்கினால் 32,768. ஒரு கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் நிரல் ஏதேனும் ஒன்றில் படிமத்தைத் திறந்து, அத்தனை பைட்டுகளைத் தாண்டிச் செல்லுங்கள். பதினாறடிமான எண்ணில் இந்த இடம் 8000 என்று முழு எண்ணாகத் தெரியும். அங்கே முதலில் 1 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டும், அதையடுத்து சி, டி, 0, 0, 1 என்ற ஐந்து குறிகளும் இருக்கும். எந்த நாட்டில் யார் தயாரித்த ஐ.எஸ்.ஓ. 9660 படிமமானாலும் இக்குறிகள் அதே இடத்தில் இருந்தாக வேண்டும்.

கோப்பைத் தட்டாக மாற்றும் வித்தை

சரி, கோப்பு கையில் இருக்கிறது. ஆனால் கணிப்பொறி அதைக் கோப்பாகத்தானே பார்க்கும்? தகடாக எப்படிப் பார்க்கும்?

இதற்கு லினக்ஸ் கெர்னலில் 'லூப் சாதனம்' என்ற ஏற்பாடு உண்டு. கெர்னலைப் பொறுத்தவரை, தட்டு என்பது "இத்தனையாவது கட்டத்தைக் கொடு" என்று கேட்டால் கொடுக்கும் ஒரு பொருள், அவ்வளவே. அது சுழல்கிறதா, வட்டமாக இருக்கிறதா என்பது அதற்குத் தேவையில்லை. லூப் சாதனம் இந்தக் கேள்விக்குத் தட்டைப் போலவே விடை சொல்கிறது. குறுந்தகட்டின் 16-ஆம் எண் கட்டத்தைக் கேட்டால், அது கோப்பின் 32,768-ஆவது பைட் என்று கணக்கிடுகிறது. வன்தட்டின் கோப்பு முறை 4096 பைட் கொண்ட துண்டுகளாக அக்கோப்பை வைத்திருந்தால், சுழியிலிருந்து எண்ணும்போது அது கோப்பின் 8-ஆம் துண்டு. அந்தத் துண்டு வன்தட்டில் எங்கே கிடக்கிறது என்பதைக் கோப்பு முறை தன் குறிப்பேட்டில் பார்த்துச் சொல்லும். கோப்பின் துண்டுகள் வன்தட்டில் சிதறிக் கிடந்தாலும், கேட்பவருக்கு ஒழுங்காக அடுக்கிய ஒரு குறுந்தகடாகவே தெரியும்.

இந்தக் கணக்கில் ஒரு பைட் பிசகினாலும் எல்லாம் பிசகும். ஆகவே, பதிவிறக்கிய படிமம் முழுமையாக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது முதல் வேலை. டெபியன் குழு ஒவ்வொரு படிமத்துக்கும் ஷா-256 என்ற முறையில் கணக்கிட்ட 64 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை வெளியிடுகிறது. உங்களிடமுள்ள கோப்புக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் 64 இலக்கங்களும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும்.

ஆனால் இந்த எண் மட்டும் போதாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மிண்ட் என்ற குழுவின் இணையத்தளத்தில் ஊடுருவியவர்கள், அதன் ஒரு பதிப்புக்கு உரிய இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த வேறொரு படிமத்தை மக்கள் இறக்கிக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். படிமத்தை மாற்ற முடிந்தவர் அதே பக்கத்திலுள்ள எண்ணையும் மாற்றலாம் அல்லவா? அதனால்தான் அந்த எண்கள் அடங்கிய கோப்பின்மீது குழுவினர் மின் கையொப்பம் இடுகிறார்கள். பொறுமை உள்ளவர்கள் அதையும் சரிபார்ப்பார்கள். பொறுமை இல்லாதவர்கள் பழகிக்கொள்வது நல்லது.

பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாவி

இப்போது கட்டுரையின் கடினமான பகுதிக்கு வருகிறோம். கணிப்பொறியின் விசையை அழுத்தியதும் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே செல்கிறது. முதலில் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ். அது வன்தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கத் தெரிந்தது. அவற்றில் 446 பைட் துவக்க நிரலுக்கு உரியவை. அந்தச் சிறு நிரல், கிரப் என்ற பெரிய துவக்கியை அழைக்கிறது. கிரப், கெர்னலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்கிறது. அதன் பிறகு எல்லாம் கெர்னலின் ஆட்சி. (புதிய இயந்திரங்களில் பயாஸுக்குப் பதிலாக யு.இ.எஃப்.ஐ. இருக்கும். முதல் படி மாறுமே ஒழிய, கைமாறும் கதை அதேதான்.)

கிரப்புக்கும் ஐ.எஸ்.ஓ. கோப்பின் உள்ளே எட்டிப் பார்க்கத் தெரியும். உள்ளிருக்கும் கெர்னலை அது எடுத்து ஏற்றிவிடும். அப்படியானால் வேலை முடிந்ததா? இல்லை. கிரப் விலகும்போது, தான் அறிந்ததையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. விழித்தெழுந்த கெர்னலுக்குத் தான் ஒரு படிமத்திலிருந்து வந்தோம் என்பதே தெரியாது. குறுந்தகடு எங்கே என்று தேடும். பெட்டியில் தகடு இல்லை என்று நின்றுவிடும். இந்த இடத்தில் தடுமாறி, படிமம் கெட்டுவிட்டது என்று மீண்டும் மீண்டும் பதிவிறக்குபவர்கள் உண்டு. படிமத்தில் குறை ஒன்றுமில்லை. அது இருக்கும் இடத்தைக் கெர்னலுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே குறை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வன்தட்டைப் படிக்கக் கெர்னலுக்கு இயக்கி நிரல்கள் வேண்டும். அந்நிரல்கள் படிமத்துக்குள் இருக்கின்றன. படிமமோ வன்தட்டில் இருக்கிறது! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதைத் தீர்க்க இனிட்ஆர்டி என்ற கோப்பு உதவுகிறது. தொடக்கத்துக்கு வேண்டிய இயக்கிகளும் சிறு கருவிகளும் அடங்கிய, சுருக்கிக் கட்டிய ஒரு சிற்றுலகம் அது. கிரப் கெர்னலை ஏற்றும்போது இதையும் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. கெர்னல் கண்விழிக்கும்போது சாவி கையிலேயே இருக்கிறது.

டெபியன் குழு இதற்கென்றே தனியாக ஒரு கெர்னலையும் ஓர் இனிட்ஆர்டியையும் வெளியிடுகிறது. அவை 'எச்.டி. மீடியா' என்ற அடைவில் இருக்கும். இந்த இனிட்ஆர்டி குறுந்தகட்டைத் தேடாமல், வன்தட்டின் பிரிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஐ.எஸ்.ஓ. கோப்பு உள்ளதா என்று பார்க்கும். முதலில் மேல்மட்டத்தில் தேடும்; கிடைக்கவில்லையென்றால் முழுவதும் தேடவா என்று உங்களைக் கேட்கும். கண்டதும் அதை லூப் சாதனமாக இணைத்துக்கொள்ளும். அதன்பின் நிறுவும் நிரலுக்கு அது ஒரு குறுந்தகடுதான்.

இங்கு ஒரு நுட்பத்தை மறவாதீர்கள். தனியாக எடுத்த கெர்னலும் படிமமும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். கெர்னலுக்குப் பின்னர் தேவைப்படும் இயக்கிகள் படிமத்திலிருந்தே வருகின்றன. பதிப்பு வேறுபட்டால், கெர்னலுக்கு உரிய இயக்கிகள் எவையும் இல்லை என்ற அறிவிப்புடன் வேலை நின்றுவிடும். இயந்திரம் 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பதையும் முன்னரே பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 முதல், 32 பிட் இன்டெல் வகைக் கணிப்பொறிகளுக்கு நிறுவும் நிரல் வெளியிடப்படுவதில்லை.

இன்னொரு செய்தி நமக்கு மகிழ்ச்சி தருவது. டெபியனின் நிறுவும் நிரல் தமிழிலும் பேசும். ஆனால் வெறும் எழுத்துத் திரையில் பேசாது. தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்ட வரைகலைத் திரை வேண்டும். 2007-இல் வந்த டெபியன் 4.0 பதிப்பில் அந்த வசதி சேர்ந்தபோதுதான் தமிழும் அதில் இடம்பெற்றது. எச்.டி. மீடியா அடைவின் உள்ளே 'ஜி.டி.கே.' என்ற துணை அடைவில் உள்ள கெர்னலையும் இனிட்ஆர்டியையும் எடுத்தால் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.

எங்கே நிற்பது?

நம் பழைய மடிக்கணிப்பொறியின் வன்தட்டு 320 ஜிகாபைட் என்று கொள்வோம். அதில் இரண்டு பிரிவுகள். முதலாவது பெரியது, பழைய லினக்ஸும் வீட்டாரின் கோப்புகள் அனைத்தும் அதில் உள்ளன. இரண்டாவது 4 ஜிகாபைட் கொண்ட சிறு பிரிவு. நினைவகம் போதாதபோது கெர்னல் பயன்படுத்தும் 'ஸ்வாப்' என்ற இடமாற்றுப் பிரிவு அது.

படிமத்தை முதல் பிரிவில் வைத்தால் என்ன ஆகும்? நிறுவும் நிரல் படிமத்தைத் திறந்து வைத்திருப்பதால், அப்பிரிவு பயன்பாட்டில் இருக்கும். அதை அழித்துப் புதிதாக அமைக்கச் சொன்னால், பயன்பாட்டில் உள்ளது என்று கூறி மறுப்பு வரும். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டப் போனவரை மரமே தடுத்ததைப் போல. ஆனால் இந்தத் தடுப்பை நம்பி விளையாடக் கூடாது. வன்தட்டின் எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்னும் அட்டவணை, பழைய முறையில், வெறும் 64 பைட். 16 பைட் வீதம் நான்கு வரிகள். கெர்னல் பழைய அட்டவணையை நினைவில் வைத்து இயங்கிக்கொண்டிருக்கும்போதே, தட்டில் அந்த 64 பைட்டின்மீது புதியதை எழுதிவிட முடியும். அடுத்த முறை துவங்கும்போதுதான் இழப்பு தெரியவரும்.

பழைய பிரிவைச் சுருக்கி இடம் உண்டாக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். லினக்ஸில் பெரிதும் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறையை, அது பயன்பாட்டில் இருக்கும்போது பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் தன்னைத் தானே சுருக்கிக்கொள்ள வழியில்லை.

அப்படியானால் நிற்க இடம்? அந்த 4 ஜிகாபைட் ஸ்வாப் பிரிவுதான்! பழைய லினக்ஸ் ஓடும்போதே ஸ்வாப்பை நிறுத்திவிடலாம். அந்தப் பிரிவை எக்ஸ்ட்4 முறைக்கு மாற்றிப் படிமத்தை அதில் வையுங்கள். மற்றவற்றை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் 'நெட் இன்ஸ்டால்' படிமம் ஒரு ஜிகாபைட்டுக்குக் குறைவானது. தாராளமாக இடம் கொள்ளும். கெர்னலையும் இனிட்ஆர்டியையும் பழைய லினக்ஸின் பூட் அடைவிலேயே ஒரு துணை அடைவில் வைக்கலாம்.

அழியப்போகும் பிரிவில் அவற்றை வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். அவை இரண்டும் நினைவகத்தில் ஏறிய பிறகு, தட்டிலுள்ள நகல்களுக்கு வேலையில்லை. படிமம் அப்படியன்று. நிறுவல் முடியும்வரை அதைத் திரும்பத் திரும்பப் படித்தாக வேண்டும். எது ஒருமுறை படிக்கப்படுவது, எது இறுதிவரை தேவைப்படுவது என்று பிரித்துப் பார்த்தால் எதை எங்கே வைப்பது என்பது தானே விளங்கிவிடும்.

இனி, கிரப்பின் பட்டியலில் ஒரு புதிய வரவைச் சேர்க்க வேண்டும். மூன்றே செய்திகளை அதற்குச் சொல்கிறோம்: எந்தப் பிரிவைப் பார்ப்பது, கெர்னல் எங்கே, இனிட்ஆர்டி எங்கே. கிரப் தட்டுகளை 0-விலிருந்தும் பிரிவுகளை 1-லிருந்தும் எண்ணும் வழக்கம் உடையது. முதல் தட்டின் முதல் பிரிவு அதற்கு '0, 1'. இந்த விசித்திரத்துக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். (2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணிப்பொறித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அப்படிப்பட்ட இயந்திரம் உங்களிடம் இருந்தால், அதன் வன்தட்டில் பிரிவுகள் நாம் கொண்ட எடுத்துக்காட்டைவிட மிகுதியாக இருக்கும். எது எது என்று முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.)

திரும்ப முடியாத கட்டம்

இவ்வளவையும் செய்த பிறகும் எதையும் இழந்துவிடவில்லை. கணிப்பொறியைத் துவக்கி, கிரப் பட்டியலில் புதிய வரவைத் தேர்ந்து, மொழி கேட்டு, நாடு கேட்டு, படிமத்தைக் கண்டுபிடித்துத் திறக்கும் வரை வன்தட்டிலுள்ள கோப்புகளை யாரும் தொடுவதில்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றினால் விசையை அணைத்து, மீண்டும் பழைய லினக்ஸுக்கே போய்விடலாம்.

பிரிவுகளை அமைக்கும் திரையில்தான் நிலைமை மாறுகிறது. 'முழுத் தட்டையும் பயன்படுத்து' என்ற எளிய வழி முதலில் நிற்கும். அதைத் தொடாதீர்கள், உங்கள் படிமமும் அந்த முழுத் தட்டில்தான் இருக்கிறது. நாமே அமைக்கும் முறையைத் தேர்ந்து, முதல் பிரிவை மட்டும் புதிதாக்கச் சொல்லி, இரண்டாவதை அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றங்களைத் தட்டில் எழுதவா என்று நிரல் கேட்கும். அங்கே 'ஆம்' சொல்லும் நொடியிலிருந்து, நிறுவலின் இறுதியில் புதிய கிரப் எழுதப்படும் நொடிவரை, இந்தக் கணிப்பொறிக்குத் தானாகத் துவங்கும் ஆற்றல் இல்லை. பழைய லினக்ஸ் போய்விட்டது. பழைய கிரப்பின் கோப்புகளும் அதனோடு போயின. புதியது இன்னும் வரவில்லை. அந்த இடைவேளையில் மின்சாரம் நின்றால், குறுந்தகடும் இல்லாத, பென் டிரைவிலிருந்தும் துவங்காத ஓர் இயந்திரத்தை எதைக் கொண்டு எழுப்புவது? வன்தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் மாட்டி அங்கே சரிசெய்வது ஒன்றே வழி.

எனவே மின்கலம் செத்துப்போன மடிக்கணிப்பொறியில் மின்தடை நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். இணைய இணைப்பு நிலையானதா என்றும் பாருங்கள்; நெட் இன்ஸ்டால் படிமத்துக்கு அது உயிர். எல்லாவற்றுக்கும் முன்பாக, அக்காவின் சான்றிதழ் நகல், தாத்தாவின் ஒரே ஒளிப்படம், கடைக் கணக்கு என்று அந்த 320 ஜிகாபைட்டில் யார் யாருடையவை இருக்கின்றன என்று வீட்டாரிடம் கேட்டு, வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். பென் டிரைவிலிருந்து துவங்க மறுக்கும் இயந்திரம், அதில் கோப்புகளை எழுத மறுக்காது. எழுதிய பிறகு, வேறொரு கணிப்பொறியில் அவை திறக்கின்றனவா என்று இரண்டொன்றைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

புதிய லினக்ஸ் துவங்கி, கோப்புகளும் திரும்ப வந்து சேர்ந்த பிறகு, இரண்டாம் பிரிவிலுள்ள படிமத்துக்கு வேலை முடிந்தது. அதை மீண்டும் ஸ்வாப்பாக மாற்றி, அதன் புதிய அடையாள எண்ணைப் பிரிவுகளின் பட்டியல் கோப்பில் எழுதிவிட்டால், கெர்னல் அடுத்த துவக்கத்தில் அதை எடுத்துக்கொள்ளும்.